வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"காலை மாத்திரை கொடுத்தாச்சா?" என்று கேட்டால், "கொடுத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்று பதில் வரும் வீடுகள் நிறைய. எல்லாவற்றையும் மனதிலேயே வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கு வேரும் அதுதான். தூக்கம் கெட்டுக்கெட்டு வேலை பார்ப்பவருக்கு நேற்று கொடுத்ததும் இன்று கொடுத்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். சந்தேகத்தில் இன்னொன்று கொடுத்து, அது சுகர் மாத்திரையாகவோ ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையாகவோ இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கொடுத்த கையோடு நேரத்தை நோட்டில் எழுதிவிடுங்கள். இரவு உட்கார்ந்து மொத்தமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், எழுதுவது பாதி ஊகமாகத்தான் இருக்கும்.

மருந்து விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பலர் புது மாத்திரைகளைப் பழைய டப்பாவிலேயே போட்டுவிடுகிறார்கள். நிறுத்தச் சொன்ன மாத்திரையும் அதில் கிடக்கும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரண்டு அட்டைகளாகவும் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகச் சரிபார்த்து, தேவையில்லாததை அன்றைக்கே தனியாக எடுத்துவிட வேண்டும். பட்டியல் எழுதும்போது அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரோடு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை இரண்டிலுமே பாராசிட்டமால் இருப்பது சாதாரணம். அளவு மீறினால் அது கல்லீரலைக் கெடுத்துவிடும்.

வாரத்துக்கான மாத்திரைப் பெட்டி நல்ல உதவிதான். ஆனால் எல்லாவற்றையும் அதில் பிரித்துப் போடக்கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அது வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இருக்க வேண்டும், வெளியே எடுத்து வைத்தால் வீரியம் குறைந்துவிடும். இன்சுலின் புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். பெரும்பாலான வகைகளைத் திறந்த பிறகு 28 நாள்தான் பயன்படுத்தலாம்.

நோட்டு போட்டும் பயனில்லாமல் போவது உண்டு. "இன்று பரவாயில்லை" என்ற குறிப்பிலிருந்து டாக்டருக்கு எதுவும் தெரியாது. எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை முறை சிறுநீர் போனார், பிரஷர் எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது என்று எழுதினால்தான் அவரால் முடிவெடுக்க முடியும். இதயம் பலவீனமானவரைத் தினமும் காலையில், சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று சந்தேகப்பட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எழுதிய எண்கள் இல்லையென்றால் இந்த ஏற்றம் கண்ணிலேயே படாது.

காகிதங்களுக்கு ஒரே ஃபைல், புதியது மேலே. டயபர், கையுறை, மருந்து எல்லாம் தீர்ந்த பிறகு ஓடாமல், ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் இருக்கிறது: நாள் முழுவதையும் நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டு, அது தவறியதும் மனம் நொந்துபோவது. நேரம் தவறக்கூடாதவை சிலதான். இன்சுலினும் அதை ஒட்டிய சாப்பாடும், படுக்கையிலேயே இருப்பவரைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பதும் அப்படி. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள். குளியலும் விரிப்பு மாற்றுவதும் அவர் உடம்பு, மனநிலை பார்த்து முன்பின் ஆகலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் ஒன்று: எல்லா விவரமும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் வீடே திணறிப்போகும். ஒவ்வாமை, அவசர எண்கள், மருந்து நேரம் மட்டும் எழுதினால் போதாது. நோயாளியை எந்தப் பக்கம் பிடித்து எழுப்ப வேண்டும், தண்ணீர் குடித்தால் புரையேறுமா, இரவில் எதற்குப் பயப்படுவார் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். அப்புறம், நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாளிலேயே அந்தத் தாளைப் பார்த்து நோயாளியைக் கவனிக்கும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். அவர் உங்களிடம் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அந்தத் தாளிலேயே சேர்த்துவிடலாம்.