குனிந்தால் விரல் தரையைத் தொடாதவர்களுக்கு அஷ்டாங்க சூரிய நமஸ்காரம்

மூச்சோடு அசைவைச் சேர்த்துச் செய்யும் அஷ்டாங்க வின்யாச யோகா என்று தேடினால் வரும் வீடியோக்களில் எல்லாரும் துள்ளிப் பின்னால் போகிறார்கள், கையை ஊன்றி மிதக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இது நமக்கு ஆகாது என்று மேட்டைச் சுருட்டி வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். மைசூரில் பட்டாபி ஜோயிஸ் சொல்லிக்கொடுத்த முறை இது, கடுமையானது என்ற பெயரும் உண்டு. ஆனால் அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றிக் கொடுத்தவர், அதே குருவிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாவற்றையும் யோகாவுக்குள் கொண்டுவந்தவர். அதனால் முட்டியை மடக்கினால் மரபு கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

என் கணக்கு இதுதான்: மூச்சையும் வரிசையையும் மாற்றாதீர்கள், வடிவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தளர்த்திக்கொள்ளுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், வடிவம் வர வேண்டும் என்று பல்லைக் கடித்து மூச்சை அடக்கிவிடுகிறார்கள்.

தொடங்கும் முன்: சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வழுக்காத மேட், இரண்டு யோகா கட்டைகள் (இல்லையென்றால் தடிமனான புத்தகங்கள்), ஒரு போர்வை போதும். ரத்தக் கொதிப்பு, கண் அழுத்த நோய், கர்ப்பம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். தலை கீழே போகும் நிலைகள் இதில் இருக்கின்றன.

சூரிய நமஸ்காரத்தின் 'ஏ' வரிசையில் ஒன்பது அசைவுகள். மூச்சு முழுக்க மூக்கு வழியாகத்தான்.

1. நேராக நின்று, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்குங்கள். தோள்பட்டை காதை நோக்கி ஏறினால் உள்ளங்கைகளைச் சேர்க்காமல் தோள் அகலத்தில் வைத்துக்கொள்ளலாம்.

2. மூச்சை விட்டுக்கொண்டே குனியுங்கள். தொடையின் பின்பக்கத் தசை இறுக்கமாக இருந்தால் இடுப்பு முன்னால் சாயாது, அதற்குப் பதில் கீழ்முதுகு வளைந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும், மறுநாள் வலிப்பது அங்கேதான். முட்டியைத் தாராளமாக மடக்கி, வயிறு தொடையில் படும்படி குனியுங்கள். கை தரைக்கு எட்டவில்லையா, கட்டைகளில் ஊன்றுங்கள். வயிறு தொடையோடு ஒட்டியே இருக்க, காலை எவ்வளவு நீட்ட முடிகிறதோ அவ்வளவுதான் இன்றைக்கு.

3. மூச்சை இழுத்து, மார்பை முன்னால் நீட்டிப் பாருங்கள். முதுகு கூன் போட்டால் கையைக் கட்டையிலிருந்து எடுத்து முட்டிக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

4. இங்கேதான் தோள்கள் பாழாகின்றன. மூச்சை விடும்போது துள்ள வேண்டாம், ஒவ்வொரு காலாகப் பின்னால் வையுங்கள், முட்டிகளைத் தரையில் இறக்குங்கள், அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக் கீழே வாருங்கள். தோள் முழங்கையின் மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. பாதி தூரம் வந்ததும் கை நடுங்கினால், அப்படியே படுத்துவிடுங்கள், தப்பில்லை. வெளியே விரிந்த முழங்கையோடு, தொங்கும் இடுப்போடு முழு சதுரங்க தண்டாசனம் (இந்த நிலையை முட்டி ஊன்றாமல் செய்வது) செய்வதைவிட முட்டி ஊன்றிச் சரியாகச் செய்வது கஷ்டம் என்பது செய்து பார்த்தால் தெரியும்.

5. மூச்சை இழுத்து மேல்நோக்கிய நிலை. தொடைகள் தரையிலேயே இருக்கட்டும், புஜங்காசனம் போதும். கையால் தரையைத் தள்ளி உயர்வதைவிட முதுகுத் தசையால் மார்பைத் தூக்குங்கள். இடுப்புக்கு மேலே சுருக்கென்று குத்தினால் உயரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

6. மூச்சை விட்டு இடுப்பைத் தூக்குங்கள், கையும் காலும் தரையில் ஊன்றி உடல் கவிழ்த்த 'V' போல நிற்கும், அதோமுக ஸ்வானாசனம். மரபுப்படி இங்கே ஐந்து மூச்சு. குதிகால் தரையில் படுகிறதா என்பதை மறந்துவிடுங்கள், தொடக்கத்தில் யாருக்கும் அது முக்கியமில்லை. முட்டியை மடக்கி, குதிகாலைத் தூக்கி, கையிலிருந்து இடுப்பு வரை ஒரே நேர்கோடாக வருகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் விரல்களை விரித்து ஆட்காட்டி விரலின் அடியை நன்றாக அழுத்துங்கள், அப்பவும் வலித்தால் கையைத் தரைக்குப் பதில் நாற்காலி இருக்கையில் ஊன்றலாம். நாற்காலியைச் சுவரோடு முட்டுக் கொடுத்து வையுங்கள், நகரக்கூடாது. ஐந்து மூச்சு முடியவில்லை என்றால் இரண்டு மூச்சு இருந்துவிட்டு, முட்டி போட்டு மீதி மூன்றை எண்ணுங்கள். எண்ணிக்கை விட்டுப்போகாது.

7. மூச்சை இழுத்துக்கொண்டே நடந்து முன்னால் வாருங்கள். பாதம் கைகளுக்கிடையே வராமல் பாதியில் நின்றுவிடும், பரவாயில்லை, கணுக்காலைக் கையால் பிடித்து முன்னே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூச்சுக்குள் முடியாவிட்டால் நடுவில் கூடுதலாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம், அடக்கி வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

8, 9. இரண்டாவதையும் முதலாவதையும் திருப்பிப் போடுவதுதான். எழும்போது முட்டி மடங்கியே இருக்கட்டும். பிறகு கைகளை இறக்கி நேராக நில்லுங்கள், ஒரு சுற்று ஆயிற்று.

மரபில் 'ஏ' வரிசை ஐந்து சுற்று, அதன்பின் 'பி' வரிசை. நீங்கள் மூன்று சுற்றோடு நிறுத்தி, பத்து நிமிடம் சவாசனத்தில் படுங்கள். கீழ்முதுகு தரையில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றால் முட்டிக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வையுங்கள். பௌர்ணமி, அமாவாசை அன்று இந்த முறையில் பயிற்சி கிடையாது, அந்த இரண்டு நாள் விடுமுறையை மட்டும் எல்லாரும் முதல் வாரத்திலேயே சரியாகக் கடைப்பிடித்துவிடுகிறார்கள்!

மாற்றங்களை எப்போது விடுவது? சுற்று முழுக்க மூச்சு ஒரே சீராக ஓடி, மறுநாள் காலை மூட்டுகளில் வலி இல்லாமலும் இருந்தால், ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் விட்டுப் பாருங்கள். முதலில் கட்டையின் உயரத்தைக் குறைக்கலாம். சதுரங்கத்தில் ஊன்றிய முட்டியைக் கடைசியாகத் தூக்குங்கள். தசை இழுப்பது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு. இரண்டாவது வந்தால் அன்றைக்கே பழைய மாற்றத்துக்குத் திரும்பிவிடுங்கள்.