கெளுத்தி மீன் தொட்டிக்கு ஏற்ற செடிகள்

கண்ணாடித் தொட்டியில் கெளுத்தி வகை மீன்களை வளர்ப்போர், மணலில் ஊன்றும் மென்தண்டுச் செடிகளைவிட, மரக்கட்டையிலோ கல்லிலோ கட்டி வளர்க்கக்கூடிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி மீன்கள் இரை தேடி ஓயாமல் மணலைக் கிளறுவதால், நேற்று நட்ட செடி இன்று வேரோடு மிதக்கக்கூடும். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் பருத்தி நூலால் கட்டும்போது, இலைகள் கிளம்பும் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகிவிடும். பாசி மேயும் கெளுத்தி வகையான பிளெகோ, அமேசான் வாள் செடியின் அகன்ற இலைகளைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடுவது உண்டு. (விரல் நீளத்தில் வாங்கும் சாதாரண பிளெகோ 30 செ.மீ.க்கு மேல் வளரும் என்பதைக் கடையில் பெரும்பாலும் சொல்வதில்லை.) இரவில் பிளெகோவுக்கு இரையாக ஒரு வெள்ளரித் துண்டை அமிழ்த்தி வைத்து, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட்டால், இலைகள் ஓரளவு தப்பும். மணலில் ஊன்றும் வாலிஸ்னேரியா செடிதான் வேண்டுமெனில், அது வேர் பிடிக்கும்வரை அடியைச் சுற்றிக் கூழாங்கற்களை அடுக்கி வைக்கவும்.