ராஜஸ்தான் கோட்டைகளுக்குப் போறீங்களா? மதியத்தை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்க

கோவையிலிருந்து ஹிசார் போகும் வாராந்திர ரயில் ஜோத்பூர் வழியாகச் செல்வதால், கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குத் தார் பாலைவனப் பயணம் சுலபம்தான். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்க. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.

வெயில் ஏறும்முன் திறந்தவெளியைப் பார்த்துவிடணும். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களில் பார்வையாளர்களைப் பெரும்பாலும் காலையில்தான் விடுவார்கள். தோல் பெல்ட், பர்ஸ் உள்ளே கூடாது, அறையிலேயே வைத்துவிடுங்க. ஜோத்பூரில் என்றால், 1459இல் தொடங்கிய மெஹ்ரான்கர் கோட்டையின் அருங்காட்சியகம் மதியத்துக்கு ஏற்றது. பல்லக்கு, யானை அம்பாரி, ஆயுதங்கள் எல்லாம் நிழலான அறைகளில் இருக்கின்றன.

வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பில் நீர் குறைவதே தெரியாது, திடீரெனத் தலைவலி வரும். தாகத்துக்குக் காத்திராமல் அரை மணிக்கு ஒரு டம்ளர் குடியுங்க.

தங்குவதற்கு மட்டும் ஜெய்சல்மேர் கோட்டைக்கு வெளியே அறை எடுங்க. 1156இல் எழுப்பிய கோட்டை அது. உள்ளே புழங்கும் தண்ணீர் கசிந்து, அது நிற்கும் குன்றையே இளக்குகிறது.