வரைபடத்தை நகர்த்துவதும் கவிழ்ப்பதும்: மைனஸ் மூன்று ஏன் வலப்பக்கம் போகிறது?

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்திலேயே கணக்குப் பாடமும் கொஞ்ச நேரம் நடக்கும். போன வாரம் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, (எக்ஸ் − 3)² என்பதன் வரைபடம் இருந்த நோட்டை நீட்டினாள். "அக்கா, உள்ள மைனஸ் மூணுதானே இருக்கு? அப்புறம் ஏன் படம் வலப்பக்கம் போகுது?"

நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் பரவளையத்தை, அதாவது பரபோலாவை, மேலும் கீழும்தான் நகர்த்துகிறோம். பக்கவாட்டு நகர்வு பதினோராம் வகுப்பில்தான் வருகிறது. "உள்ளே இருந்தால் குறியை மாற்றிக்கொள்" என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள், இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்ததும் தடுமாறிப் போவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

எழுதும் முறையைப் பற்றி ஒன்று. எங்கள் வகுப்பில் தமிழ் எழுத்து கைக்குப் பழகட்டும் என்று எக்ஸுக்குப் பதில் க, ஒய்க்குப் பதில் ய என்று எழுதுகிறோம். சார்பு, அதாவது ஃபங்ஷன், என்பதைச் சா(க) என்போம். பரீட்சையில் எக்ஸ், ஒய் என்றே எழுதுங்கள். புள்ளிகளை இந்த ஊர் வழக்கப்படி அரைப்புள்ளி போட்டு (2; 4) என்று எழுதுகிறேன். இங்கே தசமத்துக்கே காற்புள்ளி போடுவதால், நடுவிலும் காற்புள்ளி வைத்தால் குழப்பம்தான்.

முதல் படி, அடிப்படை வரைபடம். கட்டத்தாளில் ய = க² வரையுங்கள். (−2; 4), (−1; 1), (0; 0), (1; 1), (2; 4) என்ற ஐந்து புள்ளிகள் போதும். அதன்மேல் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் ஒரு துண்டை வைத்து வளைகோட்டைப் பென்சிலால் படி எடுங்கள். அச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். இந்தத் துண்டுத் தாளைத்தான் இனி நகர்த்தப் போகிறோம்.

இரண்டாம் படி, மேலும் கீழும். ய = க² + 3 என்றால் கணக்கு முடிந்து வந்த விடையோடு 3 கூட்டுகிறோம். ஒவ்வொரு புள்ளியும் 3 கட்டம் மேலே போகும். −3 என்றால் கீழே. இதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

மூன்றாம் படி, பக்கவாட்டு நகர்வு. இங்கே நிதானமாக வாருங்கள்.

கோயில் அன்னதான வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 11 மணிக்கு வரிசை தொடங்கும், 12 மணிக்கு 80 பேர் நிற்பார்கள், 13 மணிக்கு 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். இன்று பூஜை நீண்டுவிட்டது, எல்லாமே இரண்டு மணி நேரம் தாமதம். சரி, இன்று 14 மணிக்கு எத்தனை பேர் நிற்பார்கள்? வழக்கமான நாளில் 12 மணிக்கு நின்ற அதே 80 பேர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? 14-இலிருந்து 2 கழித்து, பழைய கணக்கில் போய்ப் பார்த்தீர்கள். இன்றைய வரிசை = வழக்கமான வரிசை(நேரம் − 2). கழித்தது நீங்கள், பழைய மதிப்பைத் தேடுவதற்காக. ஆனால் கூட்டம் கூடியது தாமதமாகத்தான், அதாவது நேர அச்சில் வலப்பக்கம்.

ய = (க − 3)² என்பதும் இதேதான். புதிய வரைபடம் ஒவ்வொரு இடத்திலும் 3 பின்னால் போய், அங்கே இருந்த பழைய மதிப்பை எடுத்து வருகிறது. க = 3 என்று போட்டால் உள்ளே 0, விடை 0. முன்பு 0-இல் இருந்த முனை, அதாவது வளைகோடு திரும்பும் இடம், இப்போது 3-க்கு வந்துவிட்டது. க = 2 என்றால் 1, க = 5 என்றால் 4. பேக்கிங் பேப்பரை 3 கட்டம் வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள், சரியாகப் பொருந்தும். (க + 3)² என்றால் எல்லாமே முன்கூட்டியே நடக்கிறது, அதனால் இடப்பக்கம்.

பள்ளிப் பாடத்தில் ய = அ(க + ப)² + ம என்று கூட்டல் குறியோடு எழுதுவார்கள். அப்போது முனை, அதாவது டர்னிங் பாயிண்ட், (−ப; ம).

நான்காம் படி, கவிழ்ப்பது. க² இதற்கு உதவாது, இடமும் வலமும் ஒன்றாகவே இருப்பதால் பக்கவாட்டில் கவிழ்த்தாலும் மாற்றம் தெரியாது. ய = √க எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் (0; 0), (1; 1), (4; 2). மைனஸ் வெளியே இருந்தால், −√க, விடையின் குறி மாறுகிறது: (4; 2) போய் (4; −2). படம் படுக்கை அச்சின் குறுக்கே கீழே கவிழும். மைனஸ் உள்ளே இருந்தால், √(−க), (4; 2) போய் (−4; 2). படம் நிற்கும் அச்சைத் தாண்டி இடப்பக்கம் திரும்பும். பிள்ளைகள் "உள்ளே மைனஸ், வர்க்கமூலம் கிடையாது" என்று நிறுத்திவிடுகிறார்கள். க-வே மைனஸாக இருந்தால் −க பிளஸ் ஆகிவிடுமே! பேக்கிங் பேப்பரைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பிப் போட்டால் பின்புறமும் கோடு தெரியும், அதுதான் விடை.

பன்னிரண்டாம் வகுப்பில் ய = க என்ற சாய்கோட்டின் குறுக்கேயும் கவிழ்ப்பீர்கள். அப்போது (4; 2) என்பது (2; 4) ஆகும், நேர்மாறு சார்பு கிடைக்கும்.

ஐந்தாம் படி, இரண்டும் சேர்ந்து வந்தால். வரிசை முக்கியம். −சா(க) + 3 என்றால் முதலில் கவிழ்த்து, பிறகு 3 மேலே. −(சா(க) + 3) என்றால் முதலில் மேலே ஏற்றி, பிறகு கவிழ்ப்பது. (0; 0) முதலாவதில் (0; 3)-க்குப் போகும், இரண்டாவதில் (0; −3)-க்கு.

அதிகம் பேர் விழும் பள்ளம் √(4 − க). 4 கூட்டியிருக்கிறது, அதனால் 4 இடப்பக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் மைனஸை வெளியே எடுங்கள்: √(−(க − 4)). இப்போது இடப்பக்கம் திருப்பி, பிறகு 4 வலப்பக்கம் தள்ளுங்கள். (4; 2) முதலில் (−4; 2), பிறகு (0; 2). சரிதானா? க = 0 போடுங்கள், √4 = 2. சரி.

கடைசியாக, ய = −(க + 2)² + 5. நீங்களே முயன்ற பிறகு மேலே படியுங்கள்.

க² படத்தைக் கீழே கவிழ்த்து, 2 இடப்பக்கம், 5 மேலே. முனை (−2; 5). க = 0 என்றால் −4 + 5 = 1, ஆகவே நிற்கும் அச்சை (0; 1)-இல் வெட்டும். முனைக்கு அந்தப் பக்கம் அதே தூரத்தில் (−4; 1). மூன்று புள்ளிகளையும் குறித்துப் பேக்கிங் பேப்பரைக் கவிழ்த்து வையுங்கள். கோடு மூன்றின் வழியாகவும் போகவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த 2-இன் திசையைத்தான்.