தடுமாறும் திருச்சபைத் தொடக்கப்பள்ளியை ஆய்வு செய்வது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திருச்சபைகள் நடத்தும், ஊரார் மிஷன் பள்ளி என்று அழைக்கும் தொடக்கப்பள்ளிகளில் அரசு உதவி பெறுபவற்றுக்கு ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. கட்டடமும் பராமரிப்பும் நிர்வாகமும் தாளாளரின் பொறுப்பில் இருக்கின்றன. அப்படி ஒரு பள்ளி நலிந்து வரும்போது, பங்குப் பேரவையோ (ஊர்த் திருச்சபையின் ஆலோசனைக் குழு) கல்விக் குழுவோ உங்களை முதன்முறையாக ஆய்வுக்கு அனுப்பினால், பதிவேடுகளிலிருந்து தொடங்க வேண்டாம், பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை.

முதல் படி, வாசிப்பு. வருகைப் பதிவேட்டில் ஐந்தில் ஒரு பெயர் என்ற கணக்கில் நீங்களே பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் தேர்ந்து அனுப்பினால் நன்றாகப் படிப்பவர்களே வருவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பத்தியைக் கொடுத்து, தனியாக, அவசரப்படுத்தாமல் படிக்கச் சொல்லுங்கள். பத்தி வரவில்லையென்றால் சொற்களையும், சொற்களும் வரவில்லையென்றால் எழுத்துகளையும் காட்டுங்கள். பிறகு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்பது அந்த ஒரு கணக்கிலேயே புலப்பட்டுவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் பலர் இருப்பதால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையையும், சரளமாகப் படித்தும் பொருள் புரியாமல் விழிக்கும் பிள்ளையையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். முன்னவருக்கு எழுத்துப் பயிற்சி தேவை; பின்னவருக்குத் தமிழில் பேசிப் பழகும் வாய்ப்பு தேவை.

இரண்டாம் படி, வகுப்பறை. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஆயினும், 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி என்று அச்சட்டத்தின் அட்டவணை கூறும் அளவுகள் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் பயன்படும். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியில், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற வகுப்புகள் என்ன செய்கின்றன என்பதே முக்கியமான கேள்வி; ஆகவே பின்வரிசையில் அமர்ந்து ஒரு பாடவேளை முழுவதும் பாருங்கள். ஆசிரியரைக் குற்றவாளியைப் போல் நடத்தாதீர்கள். நிரப்பப்படாத பணியிடத்தின் சுமையையும் சேர்த்து அவர் பல ஆண்டுகளாகத் தாங்கி வந்திருக்கலாம்.

அடுத்தது வருகை. தலைகளை எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். 2024 ஜூலையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரக அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டதால், காலை உணவுக் கணக்கும் மதியச் சத்துணவுக் கணக்கும் உங்களுக்குக் கூடுதல் சான்றாகும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் சிறிய வேறுபாடு இயல்பே. பெரிய வேறுபாட்டுக்கு விளக்கம் கேட்க வேண்டும். நீண்ட நாள் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு மாலையில் சென்று பாருங்கள். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்றபோது பிள்ளையையும் அழைத்துச் சென்றிருந்தால், அது பள்ளியின் மீதுள்ள வெறுப்பாகாது. ஆங்கில வழிப் பள்ளியின் வேன் வந்து அழைத்துச் செல்கிறது என்றால் அதன் காரணம் வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியாத அறிக்கையால் பள்ளிக்கு எந்தப் பயனும் இல்லை.

குடிநீரைத் தவறாமல் சோதியுங்கள். இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் குடிப்பது அந்தக் குழாய் நீரா, பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீரா என்று கேளுங்கள். கிணற்று நீரென்றால் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அந்த நீர் குடிக்கத் தகாதது. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை நேரில் பாருங்கள்.

இவற்றுக்குப் பிறகே ஆவணங்கள்: கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மடிந்ததை நினைத்தால், காலாவதியான சான்றை எவரும் சிறிய குறையாகக் கருத முடியாது. தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கத் திருச்சபைப் பகுதி) சேலத்திலிருந்து பிரிந்தது 1997இல் என்பதால், கத்தோலிக்கப் பள்ளிகளின் பழைய ஆவணங்கள் சேலம் மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கக்கூடும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இறுதியாக அறிக்கை. தலைமையாசிரியரோடும் தாளாளரோடும் ஒன்றாக அமர்ந்து, கண்டவற்றை முதலில் வாய்மொழியாகச் சொல்லுங்கள். பிறகு மூன்றே மூன்று குறைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரையும் முடிக்க வேண்டிய நாளையும் பார்வைப் பதிவேட்டில் எழுதுங்கள். வாசிப்புக் குறையை ஆசிரியர் பெயரிலும், தண்ணீர், கட்டடம், காலிப் பணியிடம் ஆகியவற்றைத் தாளாளர் பெயரிலும் எழுதுவதே நியாயம். நீங்கள் மீண்டும் வரும் நாளையும் அதன் கீழே எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்று வரும்போது இதே பிள்ளைகளையே மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள்.