தாடை மூட்டு வலி: பல்லும் பணமும் போவதற்கு முன்

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் உருளுகிறதே ஒரு குமிழ், அதுதான் தாடை மூட்டு. அங்கே மாதக்கணக்காக வலி என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு சுற்று அலைந்து, செலவழித்து, ஓய்ந்துபோய்த்தான் வருகிறார்கள். நேற்று வலி வந்தவரும் பத்து வருடம் முன்னால் வந்தவர் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார். கெட்டியானதைக் கடிக்காதே என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் செய்வதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

வலிக்கிற பல்லைப் பிடுங்கக் கொடுப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் கோபம் வருகிறது, ஏனென்றால் போன பல் திரும்பாது.

பற்களை இறுகக் கடித்தால் கன்னத்தில் ஒரு தசை புடைக்கும். மெல்லுவதற்கான பெரிய தசை அது. அதில் முடிச்சு விழுந்தால் வலி அந்த இடத்தோடு நிற்காது. கடைவாய்ப்பல்லில், காதுக்குள், நெற்றிப்பொட்டில் என்று வேறு இடத்தில் போய்த் தெரியும். பல்லில் தெரிகிற வலியைப் பல்வலி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அரசு கிளினிக்கில் பல் டாக்டருக்கான வரிசையில் உட்கார்ந்தால், கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் சட்டென்று நடக்கிற வேலை பிடுங்குவதுதான். செலவும் இல்லை. அதனால் வந்தவரும் தலையாட்டிவிடுகிறார்.

ஒரு அம்மாவுக்கு நடந்தது இது. கீழே இடது கடைவாய்ப்பல் வலி என்று போனார், பிடுங்கினார்கள். சில வாரம் கழித்துப் பக்கத்துப் பல் வலித்தது, அதுவும் போனது. அடுத்தது மேல் பல். நாலாவது பல்லுக்காக வந்து உட்கார்ந்தபோதுதான் கன்னத்துத் தசையில் ஒருவர் விரலை வைத்து அழுத்தினார். "இதேதான், இதே வலிதான்" என்று அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். போன மூன்று பல்லிலும் சொத்தை இருந்ததாக எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. இடது பக்கம் மெல்லப் பல் இல்லாததால் வலது பக்கமே மெல்ல, இப்போது வலது மூட்டும் வலிக்கிறது. இலவசமாகப் பிடுங்கிய பல்லுக்குப் பதிலாகச் செயற்கைப் பல் கட்டக் கேட்கிற தொகை அவருடைய உதவித்தொகையில் அடங்காது.

பிடுங்கச் சம்மதிக்கும் முன் நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, குளிர்ந்த தண்ணீரைக் கொப்பளித்தால் அந்த ஒரு பல் மட்டும் சுரீர் என்கிறதா? இரண்டு, கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டினால் பக்கத்துப் பல்லைவிட அது அதிகம் வலிக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பல்லின் மேல் சந்தேகம் குறைகிறது. மூன்று, பல்லைத் தளர்த்தி வைத்துக்கொண்டு கன்னத்துத் தசையை ஒரு விரலால் 5 விநாடி அழுத்துங்கள். ஒரு கிலோ எடை அளவு அழுத்தம் போதும். சமையலறைத் தராசில் விரலை அழுத்தி அந்த அளவைப் பழகிக்கொள்ளலாம். உங்கள் 'பல்வலி' அப்படியே கிளம்பினால் குற்றவாளி தசைதான். நான்காவது டாக்டர் செய்ய வேண்டியது: எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், அந்தப் பல்லை மட்டும் ஊசி போட்டு மரக்கச் செய்து பார்க்க வேண்டும். பல் நன்றாக மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால் அது அந்தப் பல்லின் வலி இல்லை. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆனால் ஈறு வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சலும் இருந்தால் இந்தச் சோதனைகளில் நாளைக் கடத்தாதீர்கள், உடனே போங்கள்.

தனியார் இடத்தில் இதே தவறு விலையுயர்ந்த வேடத்தில் வரும். கடி சரியில்லை, அதனால்தான் மூட்டு வலிக்கிறது என்று சொல்லிப் பல்லைத் தேய்ப்பார்கள், வரிசையாகப் பற்களுக்குத் தொப்பி (கிரௌன்) போடுவார்கள், கம்பி கட்டுவார்கள். பல்லின் எனாமல் மறுபடி வளராது. தாடை மூட்டு வலியில் பெரும்பாலானவர்களுக்கு எளிய வைத்தியத்திலேயே குறைகிறது. ஆகவே முதல் மூன்று மாதம், திருப்பி எடுக்க முடியாத எதற்கும் சம்மதிக்காதீர்கள். 2003ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு வைத்தியத்தின் பலன், ஆபத்து, செலவு எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சீட்டு இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது

1996 முதல் அரசு கிளினிக்குகளில் அடிப்படை மருத்துவம், மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத எல்லாருக்கும் இலவசம். அங்கே தொடங்குங்கள். ஆர். கே. கான் போன்ற ஆஸ்பத்திரிக்கோ, கிங் டினுசூலு ஆஸ்பத்திரியின் பல் மருத்துவப் பயிற்சி மையத்துக்கோ அங்கிருந்து கடிதம் வாங்கிப் போவதுதான் முறை. ஆஸ்பத்திரிக் கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. அடையாள அட்டை, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு அல்லது உதவித்தொகைக் காகிதம் கையில் இல்லையென்றால் கூடுதலாக எழுதிவிடக்கூடும். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் அந்தக் காகிதத்தை மறக்கவே கூடாது.

கடிதத்தில் பல் பிரிவோடு பிசியோதெரபிக்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பலருக்கு அங்கேதான் நிவாரணம் கிடைக்கிறது, கேட்காததால் அனுப்புவதில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று விவரம் கொண்டுபோங்கள்: வலி எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை எத்தனை நாள், வாய் எவ்வளவு திறக்கிறது. கண்ணாடி முன் நின்று மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள். 40 மில்லிமீட்டர் திறந்தால் சரி. முன்பு டக்கென்று சத்தம் போட்ட மூட்டு, ஒருநாள் சத்தம் நின்று 30க்கு மேல் திறக்க மறுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்; உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நகர்ந்து அடைத்திருக்கலாம்.

வெந்நீரில் போட்டுக் கடிக்கிற பல் கவசம்

மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் மென்மையான பல் கவசத்தை இரவில் போட்டால் சிலர் தூக்கத்தில் அதை மென்றுகொண்டே இருப்பார்கள், காலையில் தசை இன்னும் வலிக்கும். தேவைப்படுவது அச்செடுத்துச் செய்த கெட்டி அக்ரிலிக் தட்டு. எல்லாப் பற்களையும் மூட வேண்டும். முன்பற்களை மட்டும் மூடினால் பின்பற்கள் மெல்ல மெல்ல எழும்பி, கடி மாறிவிடும். இரவில் மட்டும் போடுங்கள். ஓரிரு வாரத்தில் திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவும் விலையில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். மெடிக்கல் எய்டில் ஆஸ்பத்திரித் திட்டம் மட்டும் வைத்திருப்பவர்கள், அந்தத் தட்டுக்கான கட்டண எண்ணைப் பல் டாக்டரிடம் வாங்கிச் சொல்லி, பணம் தருவார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

கோடீன் (அபின் வகை வலிமருந்து) கலந்த மாத்திரை

டாக்டர் சீட்டில்லாமல் கிடைப்பதால் பழகிவிடுகிறது. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். தனி பாரசிட்டமால் போதும், ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டாமல். இபுப்ரொஃபென் நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இரத்த அழுத்த மாத்திரை இருந்தால் நர்ஸிடம் கேட்காமல் தொடாதீர்கள். வலி நாள்பட்டுப்போனால் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் தருவது உண்டு. மனநோய் மாத்திரை என்று பயந்து பலர் அதைக் குப்பையில் போடுகிறார்கள். இந்தச் சிறு அளவில் அது வலிக்கும் தூக்கத்துக்கும்தான் தருகிறார்கள்.

டக் டக் சத்தத்துக்கு வைத்தியம்

வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம்.

சூயிங்கம், பில்டாங் (உலர்ந்த இறைச்சி)

நிறுத்துங்கள்.

பல்லோடு பல் ஒட்டி வைத்திருப்பது

மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் தொடவே கூடாது. கார் ஓட்டும்போது, போன் பார்க்கும்போது கவனியுங்கள், கடித்துக்கொண்டிருப்பீர்கள். 'ன்' என்று சொல்லிப் பாருங்கள். நுனிநாக்கு மேல் முன்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் போய் நிற்கும். 'ந்' சொன்னால் பல்லில் இடிக்கும், அது வேண்டாம். 'ன்' நிலையிலேயே நாக்கை வைத்து, உதட்டை மூடி, பற்களை விலக்கி வையுங்கள். அந்த நாக்கை எடுக்காமல் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஒரு வேளைக்கு 6 முறை, நாளைக்கு 6 வேளை. வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 15 நிமிடம் வைத்த பிறகு செய்தால் எளிதாக வரும். இரண்டு வாரம் பருப்புச்சோறு, கஞ்சி, மீன்குழம்பு என்று மெத்தென்று சாப்பிடுங்கள். அதற்கு மேல் நீட்டாதீர்கள், உபயோகிக்காத தாடை இறுகிவிடும்.

பாக்கு போடுகிறவர்கள் மூட்டைக் குறை சொல்வது

வீட்டில் பாட்டிக்கு வாய் வருடாவருடம் குறுகி, காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தடித்திருந்தால் அது தாடை மூட்டு அல்ல. பாக்கினால் வரும் நார்த்தடிப்பு அது, புற்றுநோயாக மாறக்கூடியது. டர்பன் இந்தியர்களிடம் இது நெடுநாளாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. பாக்கை அன்றே நிறுத்தச் சொல்லி வாயைக் காட்டக் கூட்டிப்போங்கள்.

காத்திருக்கக் கூடாத வலி

நடந்தால் தாடை வலித்து, நின்றால் விட்டு, நெஞ்சும் அழுத்தி வியர்த்தால் அது இதயம். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், மெல்லும்போது தாடை வலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும். தாமதித்தால் கண் போகலாம். கொட்டாவி விட்டுத் திறந்த வாய் மூட மறுத்தால் நீங்களே தள்ளிப் பார்க்காதீர்கள், தசை இறுக இறுக உள்ளே தள்ளுவது கடினமாகும். இந்த மூன்றுக்கும் கிளினிக் கடிதம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவிலேயே இருக்கிறது.