ஒற்றை வரைவு: மத்தியஸ்தம் பழகும் முறை

நெல்லைப் பக்கம் பஞ்சாயத்து கூடினால் நாட்டாமை கடைசியில் தீர்ப்புச் சொல்வார். இரண்டு நாடுகளுக்கு நடுவே மத்தியஸ்தம் பேசப் போகிறவரால் அது முடியாது. தீர்ப்பை நிறைவேற்ற அவரிடம் ஆள் ஏது? கல்லூரிகளில் மாதிரிப் பேச்சுவார்த்தை நடத்தும்போது சறுக்குவது இந்த இடத்தில்தான். மத்தியஸ்தர் பாதியிலேயே நாட்டாமை ஆகிவிடுகிறார்.

பயிற்சிக்குத் தாமிரபரணியே போதும். எட்டு அணைக்கட்டில் கடைசி ஸ்ரீவைகுண்டம். மருதூருக்கு மேலே எல்லைக்கோடு போட்டு, மேற்கே தலைமடை நாடு, கிழக்கே கடைமடை நாடு என்று வையுங்கள். நாட்டுக்கு மூன்று பேர், மத்தியஸ்தம் பேச ஒருவர், குறித்துக்கொள்ள ஒருவர், அறை மூன்று, நேரம் மூன்று மணி.

முதல் 40 நிமிடம் தனித்தனியே கேளுங்கள். "எவ்வளவு தண்ணீர் வேண்டும்?" என்று ஆரம்பித்தால் பேரம்தான் நடக்கும். "எந்த வாரம் தண்ணீர் வராவிட்டால் எது கெடும்?" என்று கேளுங்கள். பாதி ஆறு கேட்ட கடைமடைக்காரருக்கு, துருவிப் பார்த்தால், கார் நடவுக்கு உறுதியான தண்ணீர் முறை போதும். தலைமடைக்காரருக்கோ, உரிமையை விட்டுக்கொடுத்தான் என்று ஊரில் பேச்சு வரக்கூடாது. இரண்டும் மோதவே இல்லை. 1978இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் மத்தியஸ்தம் பேசிய கேம்ப் டேவிட்டிலும் இப்படித்தான்: எகிப்துக்கு, இஸ்ரேல் பிடித்திருந்த சினாய் மண் முழுதும் வேண்டும், இஸ்ரேலுக்கு அங்கே எகிப்துப் படை நிற்கக்கூடாது. மண் திரும்பியது, படைக்கு வரம்பு வந்தது.

அறையை விட்டு எழுமுன், "இதில் எதை அங்கே சொல்லலாம்?" என்று கேட்கத் தவறாதீர்கள். ஒரு இரகசியம் கசிந்தால் அத்தோடு உங்கள் வேலை முடிந்தது.

அடுத்தது ஒப்பந்த வரைவு. ஒரே தாள், ஒரே பேனா, அதுவும் உங்கள் கையில். "சம்மதமா?" என்று கேட்காதீர்கள், "எது ஒத்துவராது?" என்று மட்டும் கேட்டு, திருத்தி, எண் போட்டு மறுபடி கொண்டுபோங்கள். இரு தரப்பும் தங்கள் வரைவை நீட்டினால் வாங்காதீர்கள். பிறகு இரண்டு தாள்களும் சண்டை போடும். கேம்ப் டேவிட்டில் கார்ட்டர் 13 நாளில் 23 வரைவு போட்டார். வகுப்பில் ஐந்து சுற்று வரும்.

சுற்று நகராவிட்டால் கேள்வியையே மாற்றிப் பாருங்கள். சிந்து நதியை இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஆள்வது என்ற பேச்சு நகரவில்லை. 1954இல் உலக வங்கி ஆறுகளைப் பிரிக்கச் சொன்னது: கிழக்கே மூன்று இந்தியாவுக்கு, மேற்கே மூன்று பாகிஸ்தானுக்கு. மாற்றுக் கால்வாய்களுக்கு இந்தியா சுமார் 6.2 கோடி பவுண்டு தர ஒப்பியது. மற்ற நாடுகளின் பணத்தையும் வங்கி திரட்டியது. 1960 செப்டம்பர் 19இல் கராச்சியில் கையெழுத்தானது. அதனால் பயிற்சியிலும் மத்தியஸ்தர் கையில் கொஞ்சம் காகிதப் பணம் கொடுங்கள். வெறுங்கையோடு போகிறவருக்குப் பொறுமை ஒன்றுதான் கைமுதல்.

"போதுமான தண்ணீர்" போன்ற சொற்கள் கையெழுத்தை எளிதாக்கும், பிறகு கழுத்தை அறுக்கும். எந்த அணைக்கட்டில், எந்தத் தேதியில், யார் அளப்பது என்று எழுதுங்கள். சிந்து ஒப்பந்தத்தில் ஆளுக்கொரு ஆணையர். ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று எழுதினார்கள் (2025 ஏப்ரலில் இந்தியா அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது). மழை பொய்த்த ஆண்டுக்கு என்ன கணக்கு என்ற வரி இல்லாத வரைவை, எல்லாரும் கைதட்டினாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.